பழுது பார்த்தல்

மக்கள் கையால் ஆகிய பொருள்களுள் பழுதுறாதது யாதொன்றும் இல்லை. ஏரின் கொழு தேயும். வண்டியின் அச்சு முறியும். செம்புக் குடத்தின் அடி ஓட்டையாகும். அவ்வாறு பழுதுற்ற பொருளை எறிந்துவிடாது, செம்மை செய்து மீண்டும் வழங்குதல் நம் முன்னோர் ஒழுகிய நெறி. கொழுவைக் கொல்லனும், அச்சைத் தச்சனும், குடத்தைக் கன்னானும் சீர்செய்து தந்தனர். ஒரு பொருளை ஆக்கியவனே அதன் பழுதையும் நீக்குதல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு அக்காலத்தில் இல்லை. எவ்வூர்க் கொல்லன் அடித்த கொழுவாயினும், உள்ளூர்க் கொல்லன் அதனைக் காய்ச்சி அடித்துக் கூர்மை செய்து தருவான். கொழு யாருடையதோ அவரே அதனைக் கொடுக்கும் கையைத் தேர்ந்தனர்.

இக்காலத்தில் ஏரும் வண்டியும் போல மடிக்கணினியும் பலர்க்குத் தொழிற்கருவி ஆயிற்று. தமிழ்நாட்டு அரசினர் 2011-ஆம் ஆண்டில் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய பின்னர், அதுவரை கணினி நுழையாத சிற்றூர் வீடுகளிலும் அஃது இடம் பெற்றது. அதனை இயக்கும் முறையைக் கற்பித்தோர் பலர். அது பழுதுற்றவழிச் செய்யத்தக்கது யாது எனக் கற்பித்தோர் சிலரே. ஆக்கிய நிறுவனத்தாரிடம் கொண்டு செல்வதா, கடைத்தெருவில் உள்ள தனிக்கடையில் கொடுப்பதா என்னும் ஐயம் எழுங்கால் கற்றவரும் மயங்குகின்றனர். அம்மயக்கத்தைத் தீர்த்தலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதற்கண் அக்கருவியின் உள்ளுறுப்புகளை ஒருவாறு அறிதல் நலம். திரை, விசைப்பலகை, மின்கலம், விசிறி, நினைவகம், சேமிப்பகம் என்பன அதன் முதன்மையான உறுப்புகள். அவை அனைத்தையும் இணைத்து நிற்பது தாய்ப்பலகை. கடைக்காரர் அதனை மதர்போர்டு என்பர். நாம் எழுதிச் சேர்த்தவை எல்லாம் தங்கும் இடம் சேமிப்பகம். விசிறியில் தூசி அடைந்தால் கருவி சூடேறித் தானே நின்றுவிடும். தூசியை நீக்கினால் அக்குறை தீரும். மின்கம்பியின் முனை நுழையும் வாய் தளர்ந்தால் மின்னேற்றம் நிகழாது; அவ்வாயை மட்டும் மாற்றினால் போதும். மின்கலம் சில நூறு முறை மின்னேறி இறங்கிய பின்னர் ஆற்றல் குன்றும். அது நோயன்று, மூப்பு. தாய்ப்பலகை கெடின் செலவு மிகும். இவற்றுள் பல, புறத்தே ஒரே குறியாகவே தோன்றும். பொத்தானை அழுத்தியும் கருவி உயிர்பெறாமை, சில நூறு ரூபாயில் தீரும் சிறு பழுதாலும் நிகழும். பல்லாயிரம் ரூபாய் கேட்கும் பெரும் பழுதாலும் நிகழும்.

ஆதலின் பழுது பார்த்தலில் முதற்பணி, பழுது இன்னதென அறிதலே. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயையும் நோயின் காரணத்தையும் தேர்ந்த பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாகவும் பகுத்தார். கருவியின் பழுதுக்கும் இப்பகுப்பு ஒருவாறு பொருந்தும். கருவி நோயாளி, பழுது நீக்குவோன் மருத்துவன், உதிரி உறுப்புகள் மருந்து. அருகிருந்து துணைசெய்வோன் யாவன் எனின், அக்கருவிக்கு உடையவனே ஆவான். அவன் தன் கடமையை அறியானாயின் ஏனை மூன்றும் நிறைந்திருந்தும் பயன் குறையும்.

மருத்துவருள் இருவகையினர் உளர். ஒருவகையினர், நிறுவனத்தார் அமைத்த சர்வீஸ் சென்டர் என்னும் பழுதுநீக்கு நிலையத்தார். அவரிடம் அந்நிறுவனத்தின் மெய்யான உறுப்புகளும், கருவியைச் சோதிக்கும் மென்பொருள்களும், பயிற்சி பெற்ற பணியாளரும் உளர். வாரண்டி என வழங்கும் உத்தரவாதக் காலத்துள் அவர் பெரும்பாலான பழுதுகளை விலையின்றித் தீர்த்துத் தருவர். ஆயின், கெட்ட உறுப்பின் உட்சென்று சிறு பழுதை நீக்குவதினும், அவ்வுறுப்பை முழுமையும் அகற்றிப் புதியது பொருத்துதலே அவர்க்குப் பெருவழக்கு. விரைவில் முடிதலாலும், புதிய உறுப்பிற்கு உறுதி கூறல் எளிதாகலாலும் அவர் அவ்வாறு செய்வர். உத்தரவாதம் கழிந்த பின்னர் அம்முறையின் செலவு உடையவன் தலைமேல் விழும்.

மற்றொரு வகையினர் தனிக்கடையினர். சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. சாலை, தில்லியில் நேரு பிளேஸ் ஆகிய இடங்களில் இத்தகையோர் கூட்டங்கூட்டமாக உளர். மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் சிலர் உளர். அவருள் திறமிக்கோர் தாய்ப்பலகையின் நுண்ணுறுப்பு ஒன்றையே கண்டறிந்து மாற்ற வல்லவர்; 'சிப் லெவல் சர்வீஸ்' எனத் தம் கடைப் பலகையில் எழுதியிருப்பது அதனையே குறிக்கும். செலவு குறையும், பணி செய்பவனை நேரிற் கண்டு வினவலாம். ஆயின் அனைவரும் திறமிக்கோர் அல்லர். போலி உறுப்பைப் பொருத்துவோரும், அறியாததை அறிந்ததாகக் காட்டுவோரும் அவரிடையே உளர். பெயர்ப்பலகை இருதிறத்தார்க்கும் ஒன்றே.

இவ்விருவகையாரையும் யான் என் கருவி ஒன்றைக் கொண்டே அறிந்தேன். அதனைக் கூறுதல் மாணவர்க்குப் பயன்படும். தமிழாசிரியர் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னர், 2018-ஆம் ஆண்டில் 22,000 ரூபாய்க்கு ஒரு சிறு மடிக்கணினி வாங்கினேன். கமலை கட்டி நீர் இறைத்த முதிய உழவர் வாயிலாகப் பல ஆண்டுகள் யான் திரட்டிய வட்டார வழக்குச் சொற்களை அதில் ஏற்றுதல் என் கருத்து. கூனை, வடம், வால்கயிறு என்றாற்போன்ற சொற்கள் 4,600-க்கு மேல் அட்டைகளில் எழுதப்பட்டிருந்தன. மூன்றாண்டு உழைத்து அவற்றைப் பொருளுடன் தட்டெழுதினேன்.

வாங்கிய ஏழாம் திங்களில் திரையில் செங்குத்தான கோடுகள் தோன்றின. உத்தரவாதக் காலம் ஆதலின் நிறுவனத்தாரின் நிலையத்தில் ஒப்படைத்தேன். ஒன்பது நாளில் புதிய திரை பொருத்தித் தந்தனர். ஒரு காசும் பெற்றிலர். அன்று அதனைத் தனிக்கடையில் திறந்திருப்பேனாயின், வெளியார் கைபட்டது எனக் கூறி அவர் பொறுப்பேற்க மறுத்தலும் கூடும். உத்தரவாதம் உள்ளவரை ஆக்கியோரிடம் செல்லுதலே முறை என்பது இதனால் அறியப்படும்.

2021-ஆம் ஆண்டில் மின்கலம் தளர்ந்தது. நிறுவனத்தாரின் மின்கலம் 3,800 ரூபாய் என்றனர். பேருந்து நிலையத்தின் அருகே ஒரு கடையில் 1,200 ரூபாய்க்குக் கிடைத்தது. விலைக்குறைவைக் கண்டு மயங்கி அதனைப் பொருத்தச் செய்தேன். ஐந்தாம் திங்களில் விசைப்பலகை மேல்நோக்கிப் புடைத்தது. உள்ளே இருந்த மின்கலம் வீங்கியிருந்தது! லித்தியம் அயனி மின்கலம் வீங்குதல் தீப்பற்றுதற்கும் இடந்தரும் கேடாகும். கடைக்காரரிடம் சென்றபோது, "ரசீது எங்கே, ஐயா?" என்றார். யான் ரசீது கேட்டுப் பெறவில்லை. பின்னர் 3,800 ரூபாய் கொடுத்து மெய்யான மின்கலத்தையே வாங்கினேன்.

2023-ஆம் ஆண்டில் நேர்ந்ததே பெருந்துன்பம். ஒரு நாட்காலை கருவி உயிர்பெறவில்லை. நிறுவனத்தாரின் நிலையத்தில் இருந்த இளைஞர் சோதித்துப் பார்த்து, "தாய்ப்பலகை கெட்டது, ஐயா. 14,000 ரூபாய் ஆகும். இக்கருவியில் சேமிப்பகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டுள்ளது. பலகையை மாற்றினால் உள்ளே இருப்பவை கிடைக்கமாட்டா" என்றார். "பலகையைச் சீர்செய்ய இயலாதா, தம்பி?" என்று வினவினேன். "மாற்றித் தருதற்கே எங்களுக்கு ஆணை, பற்றவைத்துச் சீர்செய்ய ஆணை இல்லை" என்று பணிவுடன் விடை கூறினார். அவர்மேல் குற்றம் இல்லை.

யான் செய்த பிழை ஒன்றை ஈண்டு ஒளியாது உரைத்தல் வேண்டும். சொற்களைத் தட்டெழுதி முடித்ததும், இடத்தை அடைக்கின்றன என எண்ணி, அட்டைகள் அனைத்தையும் பழைய தாளோடு எடைக்குப் போட்டுவிட்டேன். வேறு படியும் எடுத்து வைத்திலேன். அச்சொற்களைக் கூறிய உழவருள் பலர் அதற்குள் இறந்துபட்டனர். கமலைக் கிணறுகளும் மறைந்தன. பலகை போயின் அச்சொற்களை மீண்டும் கேட்டறிய ஆளில்லை. மாணாக்கர்க்கு நாற்பது ஆண்டு அறிவுரை கூறிய நான் அன்று அந்நிலையத்தின் வாயிலில் செய்வதறியாது நின்றேன்.

நண்பர் ஒருவர் ஒரு தனிக்கடைக்கு வழி காட்டினார். மாடியில் ஒரு சிற்றறை. உருப்பெருக்கி ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, பற்றவைப்புக் கருவிகள் சில. அங்கிருந்தவர் பழுதை அறியாமுன் விலை கூற மறுத்தார். "பார்த்துச் சொல்கிறேன், ஐயா. இயலாதென்றால் இயலாதென்று கூறிவிடுவேன்" என்றார். இரண்டாம் நாள் என்னை அழைத்து, தாம் செய்த சோதனையைக் காட்டினார். பலகையின் மேல் விரைவில் ஆவியாகும் ஸ்பிரிட்டைத் தூரிகையால் பூசினார். பின்னர் மிகக் குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்தினார். ஓரிடத்தில் மட்டும் ஈரம் நொடியில் உலர்ந்தது. அவ்விடத்தில் எள்ளினும் சிறியதொரு மின்தேக்கி இருந்தது. அது கெட்டு மின்னோட்டத்தைக் குறுக்கு வழியில் பாயச்செய்தமையால் சூடேறிற்று. அதனாலேயே கருவி தன்னைக் காத்துக்கொள்ள இயங்காது நின்றது. அதனை அகற்றி வேறொன்றைப் பற்றவைத்தார். திரை ஒளிர்ந்தது! சொற்கள் அனைத்தும் உள்ளவாறே இருந்தன. அவர் பெற்ற கூலி 1,500 ரூபாய்.

அவர் கூறிய ஒரு சொல் என் உள்ளத்தில் தங்கிற்று. "இப்பலகையின் மின்சுற்று வரைபடம் என் கையில் இருந்திருந்தால் அரைமணியில் கண்டிருப்பேன், ஐயா. அது கிடைக்காமையால் இரண்டு நாள் ஆயிற்று" என்றார். அவ்வரைபடம் அவர்க்கு ஏன் கிடைக்கவில்லை? இவ்வினா என் ஒருவனைச் சார்ந்ததன்று. கருவி வாங்கும் அனைவரையும் சார்ந்தது.

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தார் 1981-ஆம் ஆண்டில் தம் தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் மின்சுற்று வரைபடங்களைத் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டு விற்றனர். காலம் செல்லச் செல்ல வரைபடங்கள் மறைபொருள் ஆயின. கருவிகள் மெல்லியன ஆகுந்தோறும் நினைவகமும் சேமிப்பகமும் பலகையோடு பற்றவைக்கப்பட்டன. மின்கலங்கள் பசையால் ஒட்டப்பட்டன. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கைல் வீன்ஸ் என்னும் கல்லூரி மாணவர் தம் ஐபுக் மடிக்கணினியைச் சீர்செய்ய முற்பட்டார். அதற்குரிய கையேடு எங்கும் கிடைத்திலது. அவரும் அவர் தோழர் லூக் சூல்ஸ் என்பவரும் அவ்வாண்டிலேயே ஐஃபிக்சிட் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கருவிகளைப் பிரித்துச் சீர்செய்யும் வழிகளைப் படத்துடன் எழுதி, எவரும் விலையின்றிப் படிக்க வெளியிட்டனர். கல்வி மறைக்கப்பட்ட இடத்தில் அதனைத் திறந்து வைத்தோர் மாணவரே என்பது கருதத்தக்கது.

நிறுவனத்தார் கூறும் மறுப்பும் உண்டு. பயிற்சியில்லாதார் கைபட்டால் மின்கலம் தீப்பற்றலாம். கருவியில் உள்ள மறைச்செய்திகள் வெளியாகலாம். தம் தொழில் நுணுக்கம் களவு போகலாம் என்பர். முதற்கூற்றில் உண்மை உளது என்பதற்கு என் வீங்கிய மின்கலமே சான்று. ஆயின் அக்கேடு விளைந்தது போலி உறுப்பாலன்றோ? மெய்யான உறுப்பும் சரியான கையேடும் எளிய விலையில் கிடைக்குமாயின் போலிக்கு இடம் குறையும். அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் 2021-ஆம் ஆண்டில் தன் நாடாளுமன்றத்திற்கு அளித்த அறிக்கையும், இத்தடைகளுக்கு நிறுவனங்கள் காட்டும் காரணங்களுக்குப் போதிய சான்று மிகக் குறைவு என்றே கூறிற்று.

இதனால் பல நாட்டினர் சட்டத்தின் துணையை நாடினர். பிரான்சு நாட்டில் 2021 முதல், மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்கள், சீர்செய்தற்கு எளியனவா அரியனவா என்பதைக் காட்டும் பத்துக்கு இத்தனை என்னும் மதிப்பெண்ணோடு விற்கப்பட்டன. கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், 100 டாலருக்குக் குறையாத மின்னணுப் பொருள்களுக்கு, அவற்றின் உற்பத்தி நின்று 7 ஆண்டு வரையிலும், உதிரி உறுப்பும் கருவியும் கையேடும் உடையவர்க்கும் தனிக்கடையினர்க்கும் கிடைக்கச் செய்தல் வேண்டும் என்றது. நம் நாட்டில் நடுவண் அரசின் நுகர்வோர் நலத்துறை 2022-ஆம் ஆண்டில் பழுது நீக்கும் உரிமை குறித்து ஆராய ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள், தேசிய நுகர்வோர் நாளன்று, நிறுவனங்கள் தத்தம் பழுதுநீக்கு விவரங்களை வெளியிடுதற்கென ஓர் இணைய வாயிலையும் திறந்தது. தவறான பணியால் இழப்புற்றோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

பழுது நீக்குதலில் மற்றொரு நன்மையும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 620 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவானதே முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது என்றும் ஐக்கிய நாடுகள் சார்பில் 2024-இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. எள்ளளவு மின்தேக்கி கெட்டதற்காக ஒரு முழுப் பலகையை எறிதல், ஓர் ஓடு உடைந்ததற்காகக் கூரையையே பிரித்தெறிதலை ஒக்கும்.

இனி, உடையவன் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறுவோம். கருவி நலமாக உள்ளபோதே, எழுதியவற்றிற்கு வேறிடத்தில் ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும்; என் கருவியில் கெட்டது மின்தேக்கியாக அல்லாது சேமிப்பகமாகவே இருந்திருப்பின், எத்துணைத் திறமுடையவராலும் காத்தல் அரிதாயிருக்கும். பழுதுற்றபின் முதலில் உத்தரவாதக் காலம் உளதா என நோக்குக. உளதாயின் நிறுவனத்தாரிடமே செல்க. அது கழிந்திருப்பின் இரண்டிடத்திலேனும் வினவுக. "விலை என்ன?" என்று கேட்குமுன் "பழுது யாது? எவ்வாறு அறிந்தீர்?" என்று கேட்க. காரணம் கூறாது விலை மட்டும் கூறுவோரிடம் கருவியை விடற்க. கொடுக்கும்போது கருவியின் வரிசை எண்ணும், பழுதின் குறியும், மதிப்பிட்ட செலவும் எழுதிய சீட்டைப் பெறுக. மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பிக் கேட்க. கடவுச்சொல்லைக் கூற நேர்ந்தால், பணி முடிந்தவுடன் அதனை மாற்றுக. மின்கலத்தில் மட்டும் விலைக்குறைவை நாடற்க. வீங்கிய மின்கலத்தை அழுத்தலும் துளைத்தலும் செய்யற்க. அக்கருவியை மின்னேற்றவும் செய்யற்க. ரசீது இன்றிப் பணம் கொடாதீர்.

மாணவர்களே! நிறுவனத்தார் நல்லர், கடைக்காரர் தீயர் என்றோ, கடைக்காரர் நல்லர், நிறுவனத்தார் தீயர் என்றோ துணிதல் பேதைமை. எனக்குத் திரை தந்தவர் நிறுவனத்தார். வீங்கிய மின்கலம் தந்தவரும் கடைக்காரர், சொற்களை மீட்டுத் தந்தவரும் கடைக்காரர். நோயை நேர்மையாக நாடுவோன் எங்கிருப்பினும் அவனே மருத்துவன். அவனை நாமே தேர்ந்து கொள்ளும் உரிமையும், அவன் தொழில் செய்தற்குரிய உறுப்பும் வரைபடமும் கிடைக்கும் வழியும் இருப்பின், விலை கொடுத்து வாங்கிய பொருள் மெய்யாகவே நம்முடையது ஆகும். இல்லையேல் அது நம் கையில் இருந்தும் பிறர் பொருளே.

அன்று மாலையே யான் அச்சொற்கள் அனைத்திற்கும் மூன்று படிகள் எடுத்தேன். ஒன்று என் வீட்டில் உளது. ஒன்று மகள் வீட்டில் உளது. ஒன்றைத் தாளில் அச்சிட்டு ஊர் நூலகத்தில் சேர்த்தேன். கமலை இறைத்தோர் மறைந்தனர். அவர்தம் சொற்கள் மறையவில்லை.